மருந்தாளுநர் சகோதரிக்கு நன்றி

என் அம்மாவின் முடக்குவாதத்திற்கு எழுதித் தரப்பட்ட சீட்டை, மருந்துக் கடையில் அத்தனை கூட்டத்திலும் இரண்டு முறை படித்துப் பார்த்து, "மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள்தானே, கிழமை எழுதவில்லையே" என்று நிறுத்தியவர் நீங்கள். யாரும் கேட்காமலேயே மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டு, மாத்திரை அட்டையின் மேல் சிவப்பு மையால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதினீர்கள். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும், கூடவே தரப்படும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை எதற்கு, இரத்தமும் கல்லீரலும் ஏன் அவ்வப்போது பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதையும் அம்மாவுக்குப் புரியும்படி விளக்கினீர்கள். மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னது நெரிசலில் எங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். இப்போதெல்லாம் அம்மா, 'தினமுமா, வாரமொருமுறையா' என்று தாமே கேட்டுவிட்டுத்தான் சீட்டை வாங்குகிறார். உங்கள் பெயர் தெரியாது. இதைப் படிக்கும் யாரேனும் உங்களிடம் சேர்த்துவிட்டால் மகிழ்வேன்.