எழுத்துக்கு என்ன அவசரம், கண்ணு?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் சின்னவன் போகிற பள்ளியில் நாள் முழுக்க விளையாட்டுதான், இன்னும் ஓர் எழுத்துகூடச் சொல்லித் தரவில்லை என்று போனில் குறைப்பட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் நீ இருக்கும் ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊரான இப்சிலாண்டியில், பெர்ரி என்ற தொடக்கப் பள்ளியில் 1962-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேர். அதில் 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் தினமும் இரண்டரை மணி நேர வகுப்பு. டீச்சர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்காருவார்.

முதலில் அறிவுத்திறன் சோதனையில் இந்தப் பிள்ளைகள் முந்தினார்கள். பத்து வயதுக்குள் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அத்தோடு விட்டிருந்தால் வீண் செலவு என்று மூட்டை கட்டியிருப்பார்கள். விடாமல் 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் 77 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60. ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 சதவீதம், மற்ற பக்கம் 55. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் கணக்குப் போட்டுப் பார்த்து, குணமும் நடத்தையும் மாறியதுதான் இதற்குப் பெரிய காரணம் என்றார். கடும் வறுமையில் இருந்த கொஞ்சம் பிள்ளைகள்தான். நம்மவனுக்கும் அதே அளவு பலன் வரும் என்று நான் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் பிள்ளை இன்று என்ன செய்யப்போகிறேன் என்று தானே சொல்லும். செய்யும். அப்புறம் செய்ததை எல்லோருக்கும் சொல்லிக் காட்டும். அவ்வளவுதான்!

என் அங்கன்வாடியில் ஒரு பையன் இருந்தான். யாராவது அவன் புளியங்கொட்டையைத் தொட்டால் கடித்துவிடுவான். கை கழுவ வரிசையில் நிற்க அவனுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. பதிவேட்டில் எடை எழுதக் கட்டம் உண்டு. இதை எழுத எந்தக் கட்டமும் கிடையாது.

அதனால் பள்ளியில் போய் எழுத்தைப் பற்றிக் கேட்காதே. பிள்ளைகள் சண்டை போட்டால் டீச்சர் என்ன செய்வார், எத்தனை பேருக்கு ஒரு டீச்சர், உன்னோடு பேச நேரம் ஒதுக்குவாரா என்று கேள். பெர்ரியில் ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஒருவர் இருந்தார். உங்கள் பள்ளியில் அது நடக்காது, சரி, கேட்டாவது வை. மாப்பிள்ளையையும் கூட்டிப் போ.

அன்புடன்,
அம்மா