ஈரநில வெளிக்களப் பயணங்களுக்கு அதிகாலையில் புறப்பட அனுமதி கோரல்

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் 2018இல் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள் எமது பாடசாலைகளிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலேயே உள்ளன. இருந்தும் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குக் கிடைப்பது, மிருகக்காட்சிசாலையையும் நூதனசாலையையும் ஒரே நாளில் ஓடிப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாதான்.

ஈரநிலத்துக்குப் போகும் சில பயணங்களும் நேரத்தால் வீணாகின்றன. பாடசாலை கூடியபின் புறப்படும் பஸ் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர பத்து மணியாகிவிடும். அதற்குள் வக்கா, தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். வெயிலில் பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள். ஆகவே காலை 6 மணிக்குப் புறப்பட்டு, முற்பகல் 11 மணிக்குள் திரும்ப அனுமதி தாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் வருவதால் இந்த நேர ஒழுங்கு பாதுகாப்பானதும்கூட.

ஒரு பயணத்துக்கு 30 மாணவர் போதும். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என மூன்று குழுக்களாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் நடக்கவிட வேண்டும். முழு வகுப்பும் ஒன்றாக மரப்பாதையில் நடந்தால் அதிர்விலும் இரைச்சலிலும் பறவைகள் பறந்துவிடும். பின்வரிசைப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். ஆள் பற்றாத இடத்தில் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளவும் இடமளியுங்கள்.

குழுவொன்றுக்கு ஒரு பைனாகுலர், பத்து மடங்கு பெருக்கும் இரண்டு கைவில்லைகள், வெப்பமானி, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் தாள், வெள்ளைத் தட்டு, கயிறு கட்டிய சிறு வாளி ஆகியவை தேவை. பூங்கா நிர்வாகத்தின் அனுமதியுடன் மரப்பாதையில் நின்றபடியே வாளியை இறக்கி நீர் எடுக்கலாம். இப்பூங்காக்களை அண்டிய தியவன்னா ஏரி சார்ந்த நீர்நிலைகளில் முதலைகள் உள்ளதால் எவரும் கரையில் இறங்கக்கூடாது. வெள்ளைத் தட்டில் ஊற்றினால் தும்பிக் குடம்பிகளைத் தெளிவாகக் காணலாம். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சிலே நல்லது, ஈரத்தில் மை கரைந்துவிடும்.

எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் மூடிய சப்பாத்துக் கட்டாயம். காலில் காயமுள்ள பிள்ளை சேற்றில் கால் வைக்கலாகாது. காலையில் டெங்கு நுளம்பு கடிக்குமென்பதால் நீண்ட கைச்சட்டையும் அவசியம்.

பொறுப்பாசிரியர் ஒரு வாரம் முன்பே அதே நேரத்தில் போய் பாதை, மலசலகூடம், மழைக்கு ஒதுங்குமிடம் ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும். இதற்குக் கடமை விடுமுறை கிடைக்காததாலேயே பல பயணங்கள் ஆயத்தமின்றிப் போகின்றன. அரைநாள் கடமை விடுமுறையும், தமிழில் அச்சிட்ட பறவை, தாவர அடையாளத் தாள்களும் தந்துதவுங்கள்.

புலம்பெயர் பறவைகள் ஏப்ரலளவில் திரும்பிவிடுகின்றன. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தைத் தவறவிடாதிருக்க, இவ்வனுமதியை டிசம்பருக்குள் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
விஞ்ஞான ஆசிரியர்கள்,
தமிழ்மொழிமூலப் பாடசாலைகள், கொழும்பு.