முதலில் மண்ணைப் பிடித்துப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சைக்கிளில் மண் ஜம்பைத் தாண்டப்போய் விழுந்தாயே, நீ அனுப்பிய அந்த வீடியோவைப் பார்த்தேன். போனில் பார்த்தது போதாதென்று அப்பாவின் கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "பயந்துட்டேன்மா, அதான் விழுந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. பயந்தவள் லிப்புக்கு, அந்தக் கிளம்பும் மேட்டுக்கு, வருவதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்திருப்பாள். நீ பிடிக்கவில்லை. உடம்பும் நடுவில்தான் இருக்கிறது, பார்வையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முன் சக்கரம் பள்ளத்தைத் தாண்டிவிட்டது. பின் சக்கரம்தான் லேண்டிங்கின், அதாவது இறங்கும் மேட்டின், உச்சிமுனையில் இடித்துவிட்டது. ஒரு சாண் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சாண் எங்கே போனது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் உன் மணிக்கட்டு. வீக்கம் வடிந்துவிட்டது என்கிறாய், சரி. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், கையின் பின்பக்கம் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்திப் பார். வலித்தால் உடனே மருத்துவரிடம் போ. ஸ்காஃபாய்ட் என்கிற சின்ன எலும்பு அங்கேதான் இருக்கிறது. கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் பெரும்பாலும் முறிவது அதுதான். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம், பத்து பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லம்மா" என்று நீ சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் விடப்போவதில்லை.

சரி, ஜம்புக்கு வருகிறேன். லிப் 45 பாகையில் உன்னைத் தூக்கி விடுகிறது, கிளம்பும் இடமும் இறங்கும் இடமும் ஒரே உயரம் என்று வைத்துக்கொள். காற்றுத் தடையை விட்டுவிடலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் லிப்பை விட்டால் ஏறத்தாழ 3.1 மீட்டர் தாண்டுவாய். 22 கிலோமீட்டர் என்றால் 3.8 மீட்டர். வேகத்தின் இருமடிப்படி தூரம் கூடுவதால் இப்படி. சைக்கிள் மேல் இருக்கும்போது 20-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. லிப் ஒரு மீட்டர் உயரம் என்றால், உச்சியில் 22 மிஞ்ச அடியில் 27 வேண்டும். அடியில் உனக்கு எவ்வளவு இருந்தது? வீடியோவில் நீ கிளம்பிய இடமும் மிதித்த விதமும், நன்றாகத் தாண்டினாயே அந்தப் போன வார வீடியோவில் இருந்தது போலவேதான் இருக்கின்றன. அப்படியென்றால் வேகத்தை வழியில் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது.

அது மண். லிப்புக்கு முன்னால் இருக்கும் ஓட்டப்பாதையைப் பார். நடுவில் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு ஒரு பட்டை கறுத்திருக்கிறது. மரத்தின் நிழல் என்று முதலில் நினைத்தேன். சூரியன் அந்தப் பக்கம் இல்லை. அது ஈரம். உன் டயர் அதில் ஏறும்போது ஓரத்தில் மண் பிதுங்குகிறது. மண் பிதுங்க எடுத்துக்கொள்ளும் விசையெல்லாம் உன் வேகத்திலிருந்துதான் போகிறது.

"முந்தின நாள் ராத்திரி மழை, ஆனா காலைல நல்ல வெயில்" என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் "இன்றைக்கு ஓட்டாதே" என்று சொன்னதையும், அதில் உனக்குக் கோபம் வந்ததையும் எழுதியிருக்கிறாய். பாப்பா, அவர்கள் உன்னை வேற்றாள் என்று விரட்டவில்லை. அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் அவர்கள். நீ அந்த ஊர் மண்ணை இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

நம் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கனடாவில் நீ இருக்கும் வட வான்கூவர் மலையடிவாரத்திலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் இங்கே மதியம் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரத்தில் வெயில் காய்ந்துவிடும். அங்கே நவம்பரிலிருந்து தூறல் தூறலாக நாள் கணக்கில் இறங்கும், இடையில் எட்டிப் பார்க்கும் வெயிலுக்குச் சூடு கிடையாது. மேல்தோல் காய்ந்து வெளுத்திருக்கும், அரை விரல் கீழே சேறாக இருக்கும். உறைபனி விழுந்த காலை இன்னும் மோசம். காலையில் கல் மாதிரி இறுகியிருக்கும், பதினோரு மணிக்குப் பனி இளகியதும் குழைந்துவிடும். சிங்கப்பூர்க் கண்ணால் அந்த மண்ணைப் பார்த்தால் ஏமாந்துபோவாய்.

அதனால் கையால் பார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் இறுக்கு. கையைத் திறந்தால் விரல் தடத்தோடு அப்படியே நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடு. இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அந்த மண் இடிக்கவும் செதுக்கவும் சரியான பதம். பொடிப்பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, தெளித்து இறுக்கிய பிறகுதான் அதில் ஓட்ட வேண்டும். உடையாமல் சப்பையாக விழுந்தால் அன்றைக்குச் சைக்கிளை வெளியே எடுக்கவே வேண்டாம்.

இது நான் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காகச் செய்த வேலையின் கைவைத்தியம். 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மண் அணை கட்டும் வேலையில் இருந்த ப்ராக்டர் என்கிற பொறியாளர் வகுத்த சோதனை அது. நாங்கள் ஒரு லிட்டர் அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, 2.5 கிலோ எடையை 300 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 27 தடவை விழவிட்டு இடிப்போம். ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மறுபடி மறுபடி இடிப்போம். மண் ஒரு கட்டம் வரை மேலும் மேலும் இறுகும், அதைத் தாண்டினால் தளர ஆரம்பிக்கும். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் முரண்டு பிடிக்கும். ஈரம் கூடிவிட்டால் இடுக்கிலெல்லாம் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், என்ன இடித்தாலும் தண்ணீர் சுருங்காது. நடுவில் இருக்கும் அந்தப் பதம்தான் சாலைக்கும் அணைக்கும் வேண்டும், உன் லிப்புக்கும் வேண்டும்.

அங்கே தோண்டும்போது முதல் ஒரு சாணுக்குக் கறுப்பாக, மெத்தென்று, இலையும் வேரும் மக்கிய மண் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஜம்புக்கு அது ஆகாது. எவ்வளவு இடித்தாலும் மறுநாள் மழைக்கு ஊதிக்கொள்ளும். அதை ஒதுக்கிவிட்டு இன்னும் கீழே போனால் பொன்னிறத்தில் மணலும் களியும் கலந்து வரும். அந்தப் பக்கம் பாதை வெட்டுபவர்கள் தேடித் தோண்டுவது அதைத்தான். பனிப்பாறைகள் அரைத்துப் போட்டுவிட்டுப் போன மண் என்பதால் உருண்டைக் கற்கள் நிறைய இருக்கும். பெரிய கற்களை லிப்பின் அடிவயிற்றில் போடலாம், மேல் ஒரு சாணுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் தெம்பனிஸ் மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. கிழக்குப் பக்கத்தின் பழைய வண்டல், மணலும் களியும் ஏற்கெனவே கெட்டித்துக் கிடக்கும், கொஞ்சம் தண்ணீர் தெளித்து மண்வெட்டியின் முதுகால் தட்டினாலே பளபளவென்று ஆகிவிடும்.

தெம்பனிஸ் பைக் பார்க் உனக்கு நன்றாக நினைவிருக்கும். 2010 ஆகஸ்டில் இளையர் ஒலிம்பிக்கின் பிஎம்எக்ஸ், மவுண்டன் பைக் போட்டிகளை நாம் அங்கேதான் பார்த்தோம். போட்டி முடிந்த பிறகும் ஓட்டக் கிடைத்த இடம் அது. நானும் அந்தச் சின்ன மேடுகளில்தான் கற்றுக்கொண்டேன், அம்மாக்கள் ஓட்டுவதைப் பார்த்துச் சிரித்த பையன்களே பிறகு எனக்கு முன்னால் ஓட்டி வேகம் காட்டினார்கள். 2014-இல் மூடினார்கள். இப்போது அங்கே தெம்பனிஸ் நார்த்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள். வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும், இந்தத் தீவில் இடத்துக்கு எங்கே போவது? இருந்தாலும் அந்தப் பக்கம் பேருந்தில் போனால் எனக்கு இன்னமும் மனசு கேட்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஆப்டாஸ் என்கிற ஊரில் அஞ்சலகத்தை ஒட்டி ஒரு காலி நிலத்தில் இப்படித்தான் ஜம்புகள் இருந்தன. உலகம் முழுக்கத் தெரிந்த ஓட்டுநர்கள் அங்கிருந்து வந்தார்கள். நிலம் தனியாருடையது, கட்டடம் வந்ததும் எல்லாம் தரைமட்டம். ஜம்பு இடம் என்பது பெரும்பாலும் வேறொருவருடைய நிலம்தான். ஓட்டுபவர்கள் அதை ஒழுங்காக வைத்திருக்கும்வரை நிலக்காரர் பேசாமல் இருப்பார். மழையில் ஓட்டி வாய்க்கால் வாய்க்காலாகக் கிழித்துப் போட்டால், சேறு அடுத்த வீட்டு வேலி வரை வழிந்தால், யாராவது விழுந்து ஆம்புலன்ஸ் வந்தால், மண் அள்ளும் இயந்திரம் வர ரொம்ப நாளாகாது. உன்னைத் தடுத்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது.

உன் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன் 1997-இலிருந்து இருக்கிறது. ஃப்ரோம், சீமோர் மலைகளின் பாதைகளைத் தொண்டூழியர்கள் மண்வெட்டியோடு வந்து பார்த்துக்கொள்கிறார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜம்பு இடத்தில் அப்படி ஒரு சங்கமெல்லாம் இல்லை, ஐந்தாறு பேர்தான் என்று சொன்னாய். அந்த ஐந்தாறு பேரிடம் போய் மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேள். மணிக்கட்டு ஆறும்வரை நீ வெட்ட வேண்டாம், தார்ப்பாயைப் பிடி, தண்ணீர் தெளி, கல் பொறுக்கு. மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பேச வேண்டியதில்லை. லிப்பை யார் கையால் தட்டிச் செதுக்குகிறார்களோ அவர்களுக்கு அதன் வளைவு எங்கே செங்குத்தாகிறது, எங்கே நம்மைத் தூக்குகிறது என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். நீ வந்த புதிது, தனியாக இருக்கிறாய் என்பதும் என் மனதில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஐந்தாறு பேரோடு மண்ணில் நின்றால் எனக்கு இங்கே தூக்கம் வரும்.

அப்புறம் உன் சைக்கிள். அது மலைப்பாதைக்கு வாங்கியது, ஜம்புக்கு அது கொஞ்சம் சோம்பேறி. டயரில் காற்றழுத்தம் 22, 23 பிஎஸ்ஐ-தான் வைத்திருப்பாய், வேருக்கும் பாறைக்கும் அது சரி. ஜம்பு சைக்கிள்காரர்கள் 40-க்கு மேல் அடிப்பார்கள். உன் டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைப் பார்த்துக்கொண்டு 30, 32 வரை ஏற்று. பின் சஸ்பென்ஷனையும் இறுக்கு. நீ லிப்பில் காலை ஊன்றி எழும்பும்போது அது அமுங்கிக்கொண்டால் அந்த விசை உனக்குக் கிடைக்காது. ரீபவுண்டை, அதாவது அமுங்கியது திரும்ப எழும் வேகத்தை, இரண்டு கிளிக் மெதுவாக்கு, வேகமாக இருந்தால் கிளம்பும்போது பின்பக்கம் உதைத்து உன்னைக் குப்புறத் தள்ளும். சீட்டை முழுக்க இறக்கு. 26 அங்குலச் சக்கரம், பின் சஸ்பென்ஷன் இல்லாதது, முன்னால் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க், ஒரே கியர், பின் பிரேக் மட்டும் என்று பழைய ஜம்பு சைக்கிள் ஏதாவது விலைக்கு வந்தால் சொல், பார்க்கலாம். ஃபிரேமில் வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

மறுபடி ஓட்டத் தொடங்கும்போது நேராக அந்த டபுளுக்கு, நடுவில் பள்ளம் இருக்கும் நீ விழுந்த அந்த ஜம்புக்கு, போகாதே. பக்கத்தில், நடுப்பள்ளத்தை நிரப்பி மேடையாக்கிய டேபிள்டாப் ஒன்று வீடியோவில் தெரிகிறது, லிப்பின் உயரமும் ஏறத்தாழ அதேதான். அதில் குறைந்தால் மேடைமேல் இறங்குவாய், முதுகெலும்பு ஒரு குலுங்கு குலுங்கும், அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு தடவையும் பின் சக்கரம் சரிவில் இறங்கும்வரை ஓட்டு. பிறகு டபுளுக்கு, அதைத் தினமும் தாண்டும் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, போதிய இடைவெளி விட்டு அவர் வேகத்திலேயே பின்னால் போ. வேகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. போகும் முன் அந்தக் கறுத்த பட்டையில் ஒரு பிடி எடுத்துப் பார்.

நான் இங்கே செஸ்நட் பூங்காவின் சின்னச் சின்ன மேடுகள் கொண்ட பம்ப் டிராக்கில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன், மாதத்தில் ஒரு நாள் சாங்கியிலிருந்து படகேறி உபின் தீவில் கேத்தாம் பைக் பார்க். அப்பா கரையில் நின்று "போதும் வா" என்பதும் வழக்கம்போல்தான்.

ஹெல்மெட்டில் அடிபட்டதா என்று நீ எழுதவே இல்லை. பட்டிருந்தால், வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் அதைத் தூக்கிப் போடு. உள்ளே நசுங்கிய ஃபோம் மறுபடி எழும்பாது. புதியதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்து வாடகையில் போட்டுவிடாதே, வாங்கியதும் படம் அனுப்பு. மணிக்கட்டுக் குழியில் வலி இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கே எழுது.

அன்புடன்,
அம்மா