‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று எழுதும் செய்தி ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே, வணக்கம்.

காவிரியில் மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பில் அதிலிருந்து பிரியும் கொள்ளிடத்தில் தண்ணீரைத் திருப்பிவிடும் ஒவ்வொரு முறையும் உங்கள் பத்திரிகையிலும் டி.வி.யிலும் ஒரே வரி வருகிறது: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. நான் கொள்ளிடக்கரைக்காரன், கடைமடை விவசாயக் குடும்பம். குறுவைக்குத் தண்ணீர் வராமல் நாற்றங்கால் காய்ந்த வருஷங்களைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த ‘வீணாக’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை வெள்ளம் வந்தபோது இரண்டு கண்ணாடி பாட்டில் நிறைய கொள்ளிடத்துத் தண்ணீரைப் பிடித்து வந்து திண்ணையில் வைத்தேன். ஒன்றில் ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டுக் குலுக்கினேன். கீழே வைத்த கையோடு இரண்டிலும் மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் வண்டல் மெல்ல இறங்கியது. உப்புப் போட்ட பாட்டிலில் மிச்சமிருந்த களிமண் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, சாயங்காலத்துக்குள் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. உப்புப் போடாதது மறுநாள் காலையிலும் டீத்தண்ணீர் மாதிரி கலங்கலாகவே நின்றது. அம்மா பார்த்துவிட்டு, “இதுக்குத்தானே அப்ப தேத்தாங்கொட்டை இழைப்போம்” என்றார். ஆற்றுத்தண்ணீரைக் குடித்த காலத்தில், பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிவைத்தால் காலையில் தெளிந்திருக்கும். பானையில் அந்தக் கொட்டை செய்த வேலையை முகத்துவாரத்தில் கடலின் உப்பு செய்கிறது. களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துவிடுவதால் அவை ஒட்டிக்கொண்டு கனமாகி இறங்குகின்றன.

அந்த உப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் மணல், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டலுக்கு முக்கால் மணி நேரம். இன்னும் பத்தில் ஒரு பங்கான களிமண்ணுக்கு மூன்று நாள்! ஆறு கடலில் நுழைந்ததும் வேகம் தளர்வதால் மணல் முதலில் விழுந்து வாய்ப்பக்கத்தில் திட்டாகிறது. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது என்பதால் மிச்சக் கலங்கல் மேலாக விசிறி போலப் பரவும், பழுப்பும் பச்சையும் கோடு கிழித்தது போலத் தனித்தனியாகத் தெரியும். வண்டல் கொஞ்ச தூரத்தில் இறங்க, களிமண் திரண்டு அதற்கும் அப்பால் இறங்குகிறது.

அதோடு பயணம் முடிவதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிய சேற்றைப் புயல் அலை திரும்பக் கிளப்பிவிடும். நம் கரையோரம் தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. அப்படித் தெற்கே போகும் சேற்றில் ஒரு பகுதி கோடியக்கரையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் போகிறது. ஒரு பகுதி கிளம்புவதும் படிவதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, அலை தொடாத ஆழத்தில், கரையிலிருந்து கடலுக்குள் சரிந்து நீளும் கண்டத்திட்டின் மேல் நிலைக்கிறது. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, அந்தக் கண்டத்திட்டில் பெரும்பகுதி அன்றைக்குத் தரை. நாம் நெல் விளைவிக்கும் டெல்டாவும் ஆறு கொண்டுவந்து கொட்டிய இதே மண்தான். ஆறு கடலில் புகும் இடத்துக்குப் புகார் என்று பெயர் வைத்து, அங்கேயே பட்டினமும் கட்டியவர்கள் நாம்.

வெள்ளத்தோடு சத்தும் போகிறது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரத்து அலையாத்திக் காடு நிற்பது இந்தச் சேற்றில்தான். இறால் குஞ்சுகளுக்கு அந்தக் கலங்கலான உப்பங்கழிதான் வளரும் இடம்.

சரி, மண் வராவிட்டால்? கரையோர மணலை அலையும் நீரோட்டமும் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன, போவதற்கு ஈடாக வந்தால்தான் கரை நிற்கும். சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த மணலை அதன் சுவர் மறித்ததால் மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. இங்கே 1934இல் மேட்டூர் அணை வந்தது. அணையில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் மணல் அங்கேயே படிந்துவிடுகிறது. தப்பித்து வருவதில் எவ்வளவு ஆற்றுக்குள்ளேயே அள்ளப்படுகிறது என்பதை நீங்களே எத்தனையோ முறை எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பழியையும் அணை மேல் போட மாட்டேன். தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதற்கு மேட்டூர் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆனால் நைல் நதியில் 1964இல் அஸ்வான் உயர் அணை தண்ணீரைத் தேக்கத் தொடங்கியபின், வண்டல் வராமல் அதன் முகத்துவாரத்து ரொசெட்டா முனையைக் கடல் வேகமாகத் தின்றது. ஆற்று வெள்ளத்தை நம்பியிருந்த மத்தி மீன்பாடும் விழுந்தது. நம் கரையோர ஊர்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்ற பயம்தான் என்னை எழுத வைக்கிறது.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், முக்கொம்பில் பழைய மதகுகள் உடைந்தன. எவ்வளவு தண்ணீர் கடலுக்குப் போனது என்று எல்லோரும் எழுதினீர்கள். எவ்வளவு மண் போனது என்று ஒரு செய்தியிலும் நான் பார்க்கவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். லிட்டருக்கு அரை கிராம் மண் இருந்தாலே அதில் 14 ஆயிரம் டன் ஆகிறது, 20 டன் லாரியில் ஏற்றினால் 700 லாரி.

அதனால் அடுத்த வெள்ளத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். கன அடிக் கணக்கு சொல்லும் அதிகாரிகளிடம், லிட்டருக்கு எத்தனை கிராம் மண் வருகிறது என்றும் கேளுங்கள், அளந்திருந்தால் போடுங்கள், அளக்கவில்லை என்றால் அதையே செய்தியாகப் போடுங்கள். முக்கொம்புக்கு அனுப்பும் நிருபரைக் கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு வரைக்கும் அனுப்புங்கள். படகில் போகிறவர்களிடம், கலங்கல் இந்த முறை எதுவரை ஓடியது, முகத்துவாரத் திட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, வலையில் என்ன விழுகிறது என்று அவர் கேட்கட்டும். அவர்கள் சொல்வதைத் தலைப்பாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரையிலிருந்து உங்கள் வாசகன்