‘எம்.டி.’ வேறு, எம்.டி.எம்.ஏ. வேறு, மெத் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளைத் தூளோடு யாராவது பிடிபட்டால், செய்தியின் முதல் பத்தியில் ‘மெத்தம்பெட்டமைன்’ (சுருக்கமாக ‘மெத்’) என்று வருகிறது; மூன்றாம் பத்தியில் அதுவே ‘மெபெட்ரோன்’ ஆகிவிடுகிறது; பக்கத்துப் பெட்டிச் செய்தியில் ‘எம்.டி.எம்.ஏ.’. ஒரே சரக்குக்கு மூன்று பெயர் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். மூன்றுமே ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும், நரம்பைத் தூண்டும் போதைப்பொருள்கள் (ஊக்கிகள்) என்பது சரிதான். ஆனால் உடலுக்குள் இவை வேலை செய்யும் விதமும் ஒன்றல்ல, சட்டத்தில் இவற்றுக்குள்ள எடைக்கணக்கும் ஒன்றல்ல.

எடையிலிருந்தே தொடங்குகிறேன். என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை மூன்று படியாக ஏறும்: சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு. மெபெட்ரோனுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். மெத்தம்பெட்டமைனுக்கும் இதேதான். எம்.டி.எம்.ஏ.வுக்கோ 0.5 கிராமும் 10 கிராமும். ஒருவரிடம் 20 கிராம் தூள் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது மெபெட்ரோன் என்றால் இடைப்பட்ட அளவு. 22-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இவ்வளவு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்ற கட்டாயம் இல்லை. அதே 20 கிராம் எம்.டி.எம்.ஏ. என்றால் வணிக அளவைத் தாண்டிவிட்டது. குறைந்தபட்சமே 10 ஆண்டு, 20 ஆண்டு வரை போகலாம், அபராதம் 1 முதல் 2 லட்சம். ஜாமீன் கேட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றமே திருப்தி அடைய வேண்டும். மெபெட்ரோனுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர் ‘எம்.டி.’ என்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். இரண்டு எழுத்தைக் காதில் வாங்கிய நிருபர், மீதி இரண்டைத் தானே சேர்த்துவிடுகிறார் போலும்.

இன்னொன்று. ‘20 கிராம் மெபெட்ரோன்’ என்று எழுதும்போது அது சுத்தமான மருந்தின் எடை அல்ல. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலந்திருக்கும் பொருளையும் சேர்த்த மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்த்தது. முக்கால்வாசி சர்க்கரைத் தூள் கலந்திருந்தாலும் தராசு காட்டுவதுதான் அளவு.

இது என்ன பொருள் என்று சம்பவ இடத்திலேயே சொல்லிவிட முடியுமா? முடியாது. கையோடு கொண்டுபோகும் நிறப் பரிசோதனை ஒரு குறிப்பு மட்டுமே தரும். மார்க்கி என்ற பரிசோதனைத் திரவத்தில் ஒரு துணுக்கைப் போட்டால், மெத்தம்பெட்டமைன் ஆரஞ்சாகிப் பழுப்புக்குப் போகும். எம்.டி.எம்.ஏ. கருஊதாவாகும். மெபெட்ரோன் பெரும்பாலும் நிறமே காட்டாது, அதிகம் போனால் மெல்ல ஒரு வெளிர்மஞ்சள். கலப்படம் இருந்தால் இந்த நிறங்களையும் நம்ப முடியாது. கலவையைப் பிரிக்கும் வாயு நிறப்பிரிகையும் மூலக்கூறை அடையாளம் காட்டும் நிறை நிறமாலையும் சேர்ந்த ஆய்வக அறிக்கை வந்தால்தான் பெயர் உறுதி. சிறுநீர்ப் பரிசோதனையிலும் இதே சிக்கல்: மெத்தம்பெட்டமைனும் சேர்ந்த ஆம்பெட்டமைன் வகைக்கான சாதாரணப் பரிசோதனைப் பட்டையில் மெபெட்ரோன் சிக்காமல் போகலாம், சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின் சிக்கிவிடலாம்.

இனி மருந்தியல். ‘ஆப்பிரிக்கக் கொம்பு’ எனப்படும் அக்கண்டத்தின் கிழக்கு முனையிலும் யேமனிலும் மென்று சாறு விழுங்கப்படும் காத் இலையில் கேத்தினோன் என்ற பொருள் உண்டு. ஆம்பெட்டமைனின் கட்டமைப்பில் ஒரு கீட்டோன் ஆக்சிஜன் கூடினால் அது கேத்தினோன். இலை காயக் காய அது வீரியம் குறைந்த கேத்தினாக மாறிவிடும். பச்சை இலைக்கு மவுசு அதனால்தான். இந்தக் கேத்தினோன் குடும்பத்தில் செயற்கையாகப் பிறந்தது மெபெட்ரோன். 1929-லேயே விஞ்ஞான இதழில் பதிவானது. முக்கால் நூற்றாண்டு யாரும் சீண்டவில்லை.

நரம்பு முனையிலிருந்து வெளிவந்த டோபமின், நார்அட்ரினலின், செரோட்டோனின் ஆகிய நரம்புச் செய்தி வேதிப்பொருள்களைத் திரும்ப உள்ளே இழுக்கத் தனித்தனிக் கடத்திகள் இருக்கின்றன. மெபெட்ரோன் அந்தக் கடத்தி வழியாகவே உள்ளே புகுந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டாரை எதிர்த்திசையில் ஓடவிட்டது போல, உள்ளிருப்பதை வெளியே கொட்ட வைக்கிறது. மெத்தம்பெட்டமைனும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அது முக்கியமாக டோபமினையும் நார்அட்ரினலினையும் கொட்டும். மெபெட்ரோன் செரோட்டோனினையும் தாராளமாகக் கொட்டும். காலக்கணக்கும் வேறு. மெத்தம்பெட்டமைனின் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 10 முதல் 12 மணி நேரம். மெபெட்ரோனுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். ‘சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் ஆபத்தில்லை’ என்று இளைஞர்கள் வாதிடுவது இதை வைத்துத்தான். உண்மையில் ஆபத்தே இதில்தான் இருக்கிறது. போதை இறங்கியதும் மறுபடி எடுக்கச் சொல்லும். அப்போது முந்தையதால் எகிறிய நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்.

மெபெட்ரோனைக் கல்லீரலில் சிதைப்பது பெரும்பாலும் சிஒய்பி2டி6 என்ற நொதி. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்சடின், பராக்சடின் இரண்டும் அந்த நொதியை முடக்கும், செரோட்டோனினையும் கூட்டும். டிராமடால் வலி மாத்திரை, லினிசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை சேர்ந்தாலும் செரோட்டோனின் மிகைநோய் வரலாம்: கால் வெடவெடப்பு, தசை விறைப்பு, கட்டுக்கடங்காத உடற்சூடு. மெபெட்ரோனின் மற்ற அறிகுறிகள்: பல்லை நறநறவெனக் கடிப்பது, விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிடுவது, மூக்கில் ரத்தம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பீதி. 2008 டிசம்பரில் சுவீடனில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தது ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கியதால். ஆகவே ‘நிறையத் தண்ணீர் குடிக்க வை’ என்று வீட்டுக் குறிப்பு வெளியிடாதீர்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

இதை எடுத்து நிலைமை மோசமானவருக்குச் செய்ய வேண்டியது: 108-ஐ அழைத்து, சந்தடியில்லாத குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு விசிற வேண்டும். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முரண்டு பிடிக்கிறார் என்று குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சே நின்றுவிடலாம். பாராசிட்டமால் பயன்படாது, சூடு ஏறுவது காய்ச்சலைப் போல மூளை நிர்ணயிக்கும் வெப்பநிலை அளவு மாறியதால் அல்ல, தசைகளின் ஓயாத உழைப்பால். மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. மருத்துவமனையில் டயஸிபாம், லோரஸிபாம் வகையைக் கொடுத்து அமைதிப்படுத்திக் குளிர்விப்பார்கள். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து ஓப்பியம் வகைப் போதைக்குத்தான், இதற்கு அல்ல.

பத்திரிகைக்கு எழுதுவதால் இதையும் சொல்ல வேண்டும். 2010 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். மெபெட்ரோன்தான் காரணம் என்று தலைப்புச் செய்திகள் முழங்கின. அதுவரை ‘செடி உரம்’, ‘மனிதர் உட்கொள்ள அல்ல’ என்ற சீட்டோடு அங்கே வெளிப்படையாக விற்ற பொருள் அது. ஏப்ரல் 16 அன்று அந்நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பி வகுப்பில் தடை வந்தது. மே மாதக் கடைசியில் வந்த நச்சியல் அறிக்கையில் இருவர் உடலிலும் மெபெட்ரோன் இல்லை. தடை தவறு என்று சொல்ல வரவில்லை. அதற்கான காரணங்கள் வேறு இருந்தன. அந்தத் தடை கேத்தினோன் குடும்பத்தையே ஒரு பொது வரையறைக்குள் கொண்டுவந்தும், நாஃபைரோன் என்ற உறவுக்காரப் பொருள் வரையறைக்கு வெளியே நின்றது. ஜூலையில் அதற்குத் தனியாக இன்னொரு ஆணை போட வேண்டியதாயிற்று. 2010 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கட்டுப்பாடு வந்தது. இந்தியா 2015 பிப்ரவரியில் மெபெட்ரோனை என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்த்தது. மறு மாதம் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மனநிலையை மாற்றும் பொருள்கள் பற்றிய 1971 உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது.

ஆய்வக அறிக்கை வரும்வரை ‘மெபெட்ரோன் எனச் சந்தேகிக்கப்படும் தூள்’ என்று எழுதுங்கள். கூடவே, உங்கள் செய்திகளில் இதுவரை கண்ணில் படாத, என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவையும் ஒரு வரி சேர்க்கலாம். அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறும்போது அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடவடிக்கை இல்லை. பாதியில் விட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பும் பறிபோகலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்