பள்ளிவாசல் கட்டட வேலை நிறைவு: ஜமாஅத்தாருக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், கட்டட வேலை முடிந்தது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் கணக்கைவிட, "குப்பா (குவிமாடம்) எங்கே?" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். சரி, அதையே பேசிவிடுவோம்.

நம் மனை சாலையை ஒட்டி நேராக இருக்கிறது. தொழும்போது நோக்கும் மக்காவின் திசையான கிப்லா அதற்குக் கோணல். பழைய கட்டடம் சாலையைப் பார்த்தே எழும்பியதால் விரிப்பில் சாய்வாகக் கோடு போட்டு ஸஃப் (தொழுகை வரிசை) நின்றோம். மூலைகள் வீணாயின. புதிதாக வருபவர் தப்பான பக்கம் பார்த்துத் தக்பீர் கட்டுவதும் (தொழுகையைத் தொடங்குவதும்) உண்டு.

இது பழைய சிக்கல். கெய்ரோவில் 1125-இல் கட்டிய அல்-அக்மர் பள்ளியின் முகப்பு தெருவோடு போகிறது. உள்ளே தொழும் இடம் கிப்லாவுக்குத் திரும்பியிருக்கிறது. ஈரானின் இஸ்ஃபஹானில் 1611-இல் தொடங்கிய ஷா பள்ளிவாசலில், மைதானத்து வாசலைத் தாண்டியதும் வழி ஏறக்குறைய 45 பாகை திரும்பும். நம் காலத்தில் டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளியில் கட்டடக் கலைஞர் மரீனா தபஸ்ஸும் சதுரத்துக்குள் ஒரு வட்டத்தை வைத்து, அதற்குள் தொழுகைக் கூடத்தைத் திருப்பினார். குப்பாவோ மினாராவோ (கோபுரமோ) இல்லாத அந்தச் செங்கல் கட்டடத்துக்கு 2016-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

நாமும் இதே வழியில்தான் போயிருக்கிறோம். வெளிச்சுவர் சாலையோடு, கூடம் கிப்லாவோடு. நடுவே மிஞ்சிய முக்கோணங்களில் ஒளூச் செய்யும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்) இடம், செருப்பு அடுக்கு, பெண்கள் கூடத்துக்குத் தனிப் படிக்கட்டு. கிப்லாச் சுவரை ஒட்டிக் கூரையில் நீளத் திறப்பு விட்டிருப்பதால் லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) விளக்குப் போட வேண்டியதில்லை.

அப்புறம் குப்பா. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும்தான். குப்பா, மினாரா, கிப்லாச் சுவரில் குழிந்த மாடமான மிஹ்ராப் எல்லாம் பின்னால் வந்தவை. அதற்காகக் குப்பாவைக் குறை சொல்லவில்லை. இடையில் தூண்கள் மறிக்காத அகன்ற கூடத்தை மூட உஸ்மானியக் கட்டடக்காரர் சினானுக்கு அது தேவைப்பட்டது. நம் கூடத்துக்குத் தட்டைக் கூரையே தாங்கும். அதன்மேல் வெறும் அலங்காரத்துக்கு ஒரு குப்பாவைத் தூக்கி வைக்கக் குழுவில் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டோம்.

பழைய மினாராவை இடிக்காமல் பலப்படுத்தியிருக்கிறோம்.

கூடத்தில் எதிரொலி இருக்கிறது. ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமை உரை) பின் ஸஃபுகளில் தெளிவாகக் கேட்பதில்லை. பின்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை பதிக்க ஏற்பாடு நடக்கிறது. அதுவரை ஒலிபெருக்கியின் சத்தத்தை யாரும் கூட்ட வேண்டாம்.

நிர்வாகக் குழு