அதுக்குக் காது கேக்காதா டீச்சர்?

நீடாமங்கலம் பக்கமிருந்து,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை, நேரில் வந்து திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குறுவை நடவு முடிந்தது. குடை டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி நாளும் குடையோடுதான் வந்தார்.

சரி, எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. ஒன்றும் இரண்டும் சேர்த்து என் வகுப்பில் 19 பிள்ளைகள். முதல் நாள் திரையைப் போட்டதும் அத்தனை பேரும் கப்சிப். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் நிறங்கள் பாடம். திரையில் ஒரு கிளி, "இது என்ன நிறம்?" என்று கேட்கும், கொஞ்சம் நிறுத்தும், "மிகச் சரி!" என்று கைதட்டும். முன்னால் உட்காரும் சின்னவள் எழுந்து, "எங்க வீட்டுக் கன்னுக்குட்டியும் இந்தக் கலருதான்" என்றாள். கிளி "மிகச் சரி!" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டது. அவள் கிட்டே போய்ச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "அதுக்குக் காது கேக்காதா டீச்சர்?" என்றாள். நாலாவது நாள் கிளி கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது கைதட்டும் என்று தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 2007-ல், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது நீயும் நானும் பாயில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கினோமே, எவ்வளவு புலம்பினோம்! அட்டைக்கும் காது கிடையாதுதான். ஆனால் முடித்த அட்டையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை நம்மிடம் ஓடிவரும், நம் முகத்தைப் பார்க்கும். திரைக்கு முன்னால் அது எங்கே ஓடும்?

பட்ரிசியா குல் என்று அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சியாளர். 2003-ல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 9 மாதக் குழந்தைகளுக்கு 12 தடவை சீன மொழியைப் பழக்கினார்கள். சில குழந்தைகளோடு ஆள் நேரில் விளையாடிப் பேசினார். சிலருக்கு அதே பேச்சு காணொளியில், சிலருக்கு ஒலி மட்டும். நேரில் கேட்டவர்களுக்குச் சீன மொழியின் ஒலிகள் பிடிபட்டன, மற்றவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. கைக்குழந்தைகளை வைத்துச் செய்தது, என் பிள்ளைகள் பெரியவர்கள் என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சின்னவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

போர்டை மூடிவைக்கவில்லை. கோரையாற்றில் தண்ணீர் வந்த அன்று, காய்ந்த மணலில் நுரையும் சருகுமாக அது நகர்ந்து வருவதை ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் போய் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரையில் போட்டு, பாதியில் நிறுத்தினேன். "டீச்சர், எங்க தாத்தா அங்கதான் நிக்கிறாரு!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. ஜூன் வந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பையன், தண்ணீருக்கு முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் என்று சொன்னான். அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். 'எறும்பு' என்ற சொல்லை அன்றைக்கு எல்லோரும் படித்தார்கள். திரை அங்கேயே நின்றிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் இதற்கு நேரம் வேண்டுமே. பார்வையிட வருகிறவர்கள் காணொளி முழுதும் ஓடியதா என்றுதான் கேட்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் போட்டேன் என்றால் பாடம் முடியவில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. எனக்கு அழுகையே வருகிறது.

உன் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கே டேப்லெட் என்று எழுதியிருந்தாய். எனக்காக ஒன்று செய். சரியான விடையைத் தொட்டதும் அந்தப் பிள்ளை யாரையாவது நிமிர்ந்து பார்க்கிறதா என்று ஒரு வாரம் கவனி. பார்த்ததை அப்படியே எழுது. நீ நாலு மாதம் ஆக்காதே.

அன்புடன்,
உன் பாய்க்கூட்டாளி